மதிப்பெண் தொடாத இடம்: மருத்துவக் கல்லூரி வாசலில் சூழ்நிலைத் தேர்வு

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. கோயிலின் ஆரோக்கியசாலையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 1415-ஐ, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்தது. போரில் சிதைந்த அந்த ஆரோக்கியசாலையைச் சீனிவாசன் என்கிற கருடவாகன பட்டர் சீர்செய்து, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. அதே ஆரோக்கியசாலை ஒய்சளர் காலத்தில் அவருடைய முன்னோர் பொறுப்பில் இருந்தது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை விவரிக்கிறது. அங்கும் வைத்தியர் பதவி பரம்பரைக் காணிதான். யார் வைத்தியராவது என்ற கேள்விக்கு அன்றைய தமிழகம் தந்த பதில், பிறப்பு.

இன்று அந்தக் கேள்விக்குப் பதில் 720 மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. காவிரியைக் கடந்து திருச்சிக்குள் வந்தால், 1997-இல் தொடங்கப்பட்ட கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் யார் சேரலாம் என்பதை நீட் தேர்வின் 180 கேள்விகள் முடிவு செய்கின்றன. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். அழும் தாயிடம் எப்படிப் பேசுவது, மேலே இருப்பவர் தவறு செய்தால் என்ன செய்வது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நோயாளியிடம் ஒப்புக்கொள்வதா என்பது பற்றி அந்த 180-இல் ஒரு கேள்வியும் கிடையாது.

அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண்ணும் போட முடியுமா? முடியும் என்று சொல்லும் ஆராய்ச்சி முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. 'சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் டெஸ்ட்' என்பது அதன் பெயர், சுருக்கமாக எஸ்.ஜே.டி. சூழ்நிலைத் தேர்வு என்று சொல்லலாம். பெல்ஜியம், பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் அது ஏதோ ஒரு வடிவில் புழங்கியிருக்கிறது. தமிழகத்துக்கு அது பொருந்துமா என்று பார்க்கும் முன், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பரமபத வாசலில் ஒரு கேள்வி

இப்படி ஒரு கேள்வியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

வைகுண்ட ஏகாதசி. விடியவில்லை. கோயில் அருகே மருத்துவ முகாமில் ஹவுஸ் சர்ஜனாக நீங்கள் பணியில் இருக்கிறீர்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளை அவர் மகன் தாங்கிப் பிடித்துக் கூட்டிவருகிறார். நெஞ்சில் பாரம், வியர்வை. ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிகிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். அந்த அம்மாளோ, "இவ்வளவு தூரம் வந்துட்டேன், வாசலைத் தாண்டிட்டு வந்துடறேன் தம்பி" என்கிறார். கீழ்க்கண்ட ஒவ்வொரு செயலும் எவ்வளவு பொருத்தமானது? மிகப் பொருத்தம், ஓரளவு பொருத்தம், அவ்வளவாகப் பொருந்தாது, அறவே பொருந்தாது என நான்கில் ஒன்றைக் குறியுங்கள்.

அ) அவர் விருப்பம், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகவிடுவது.

ஆ) என்ன ஆபத்து என்பதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, மகனையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு, முகாமின் மூத்த மருத்துவரையும் அழைப்பது.

இ) மகனிடம் தனியாகப் பேசி, வாசலுக்குத்தான் போகிறோம் என்று சொல்லி அம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றுவது.

ஈ) "உயிர் முக்கியமா இல்லையா?" என்று அதட்டிப் படுக்க வைப்பது.

உ) சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கூடவே போய்த் தரிசனம் செய்வித்துவிட்டு நேரே ஆம்புலன்ஸுக்குக் கொண்டுவருவது.

கேள்வியின் வலிமை இந்தத் தெரிவுகளில்தான் இருக்கிறது. 'ஈ' தவறு என்பதில் சண்டை வராது. 'ஆ' சரி என்பதிலும் பெரும்பாலும் வராது. 'இ'-யும் 'உ'-வும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். நோயாளியிடம் பொய் சொல்லி ஏற்றுவதைப் பிரிட்டனில் விடை எழுதும் குழு கடுமையாகக் கண்டிக்கும். நம் ஊர் மருத்துவர்கள் சிலர், உயிர் போகும் நேரத்தில் மகனோடு சேர்ந்து அப்படிச் செய்வதில் தவறில்லை என்று வாதிடலாம். 'உ'-வைப் பார்த்து இதயநோய் மருத்துவர் தலையில் அடித்துக்கொள்வார். ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்பார். முகாம்களில் பல ஆண்டு நின்று பழகிய செவிலியர் ஒருவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

விடைத்தாளைத் தயாரிப்பவர்கள் செய்வது இதுதான். துறையில் அனுபவம் உள்ள பலரிடம் கேள்வியைக் கொடுத்து, தனித்தனியே விடை குறிக்கச் சொல்கிறார்கள். பெரும்பான்மை ஒன்றுபடும் தெரிவுகளே தேர்வில் நிற்கும். ஒன்றுபடாதவை எடுக்கப்படும். மாணவரின் விடை குழுவின் விடையோடு சரியாகப் பொருந்தினால் முழு மதிப்பெண். அருகில் வந்தால் பாதி. சரி, தவறு என்ற இரண்டே நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே திருத்த முடியாது.

வகுப்பறையில் அல்ல, வார்டில்

இந்த யோசனை புதியதன்று. மனிதர்களிடம் பழகும் சாமர்த்தியத்தைத் தாளில் அளக்க அமெரிக்காவில் 1926-லேயே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சோதனை வந்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதற்கான இன்றைய வடிவத்தை 1990-இல் மோட்டோவிட்லோவும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை நிலைநிறுத்தியது. மருத்துவக் கல்லூரி வாசலுக்கு அதைக் கொண்டுவந்து, நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்த பெருமை பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியைச் சேரும்.

பிளாண்டர்ஸில் 1997 முதல் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. அறிவியல் அறிவும் பகுத்தறியும் திறனும் ஒரு பகுதி. இன்னொரு பகுதியில் மாணவர்கள் திரையில் மருத்துவரும் நோயாளியும் பேசும் காட்சிகளைப் பார்த்தார்கள். நெருக்கடியான இடத்தில் படம் நிற்கும். அடுத்து மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு தெரிவுகளிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஃபிலிப் லீவன்ஸ் இந்தத் தேர்வின் தரவுகளைக் கொண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். 2005-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. நோயாளியோடு பழகுதல், பேசுதல் போன்ற பாடங்கள் உள்ள கல்வித் திட்டங்களில், அறிவியல் மதிப்பெண் சொல்லாத ஏதோ ஒன்றைக் காட்சித் தேர்வு கூடுதலாகச் சொன்னது. அப்படிப்பட்ட பாடங்கள் இல்லாத இடங்களில் அது எதையும் சொல்லவில்லை. எதை அளக்க உருவாக்கினார்களோ அதை மட்டும் அளந்தது என்பதுதான் இதன் பொருள்.

ஏழு ஆண்டு கழித்து, 2012-இல், லீவன்ஸும் பால் சாக்கெட்டும் வெளியிட்ட ஆய்வே இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. நான்கு ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் 723 பேரைச் சேர்க்கையிலிருந்து வேலை வரை தொடர்ந்தார்கள். பதினெட்டு வயதில் எழுதிய அந்தத் தேர்வின் மதிப்பெண், ஏழு ஆண்டுக்குப் பின் வார்டில் பயிற்சி பெறும்போது கிடைத்த மதிப்பீட்டோடும், ஒன்பது ஆண்டுக்குப் பின் வேலையில் கிடைத்த மதிப்பீட்டோடும் தொடர்பு காட்டியது. அறிவியல் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

எவ்வளவு தொடர்பு? இங்கேதான் நிதானம் தேவை. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் அச்சுப் பிசகாத பொருத்தம் என்று கொண்டால், மருத்துவத் துறைச் சூழ்நிலைத் தேர்வுகள் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 'மெடிக்கல் எஜுகேஷன்' இதழ் 2020-இல் வெளியிட்ட கட்டுரை தரும் சராசரி 0.32. ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இந்தத் தேர்வு முன்கூட்டிச் சொல்கிறது. மீதி ஒன்பது பங்கு அதன் கைக்கு எட்டாதது. ஆயிரக்கணக்கானோரிலிருந்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு பெரிய உதவிதான். ஆனால் 'இந்தப் பெண் நல்ல டாக்டராக வருவாள், இந்தப் பையன் வரமாட்டான்' என்று தனி ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அந்த எண் போதாது.

நடத்தையை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் உண்டு. மாநில மருத்துவ வாரியங்கள் 1990-க்கும் 2003-க்கும் இடையே தண்டித்த மருத்துவர்கள் 235 பேரின் மாணவப் பருவக் கோப்புகளை, தண்டனை பெறாத 469 மருத்துவர்களின் கோப்புகளோடு மேக்சின் பாபடாகிஸ் குழு ஒப்பிட்டது. கட்டுரை 2005-இல் வெளியானது. மாணவராக இருந்தபோதே பொறுப்பின்மை, திருத்தினாலும் திருந்தாமை போன்ற குறிப்புகள் கோப்பில் ஏறியவர்கள் பிற்பாடு தண்டனை பெறும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மதிப்பெண் குறைவுக்கும் தண்டனைக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது இந்த அளவுக்கு இல்லை.

மூன்று நிமிட நேர்காணலின் நினைவு

இத்தனையும் தெரிந்த பின், தமிழகத்தில் ஏன் யாரும் இதைக் கேட்பதில்லை? குணத்தை அளக்கிறேன் என்று சொன்னவர்களிடம் இந்த மாநிலம் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

தமிழக அரசு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒருகாலத்தில் நேர்காணலுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 275-இல் 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியேயான சேவை, உடல் வலிமை, பொது அறிவாற்றல், மருத்துவத்துக்கான நாட்டம் என ஐந்து தலைப்புகளில் அதைப் பிரித்துப் போட வேண்டும் என்பது விதி. பெரியகருப்பன் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் வழக்கில், 1970-இல் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. தேர்வுக் குழு தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தது. 275-இல் 75 என்பதே பார்த்த மாத்திரத்தில் அதிகம் என்றது நீதிமன்றம். பத்தாண்டு கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. அங்கே ஒருவரை இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் தீர்மானித்திருந்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

நேர்காணல் அறையில் யாருடைய மகன், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தப் பள்ளி ஆங்கிலம் என்பதெல்லாம் மேசைக்கு வந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் அது வராது. கிராமத்து மாணவருக்கு எழுத்துத் தேர்வு நியாயமாகப் பட்டதற்கும், பின்னர் நுழைவுத் தேர்வும் தனிப் பயிற்சிக்குப் பணம் இருப்பவருக்கே சாதகம் என்று தமிழக அரசு 2006-இல் சட்டம் இயற்றி அதை ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத் திரும்பியதற்கும் அடியில் இருக்கும் உணர்வு ஒன்றே. நீட் எதிர்ப்பும் அதன் தொடர்ச்சிதான். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, நீட்டுக்கு முந்தைய ஆண்டில் 14.88 விழுக்காடாக இருந்த தமிழ்வழி மாணவர் பங்கு, அதன் பின் 1.6 முதல் 3.27 விழுக்காட்டுக்குள் சுருங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

எனவே இங்கே யாராவது புதிதாக ஒரு 'குணத் தேர்வு' என்று சொன்னால், இன்னொரு கதவு சாத்தப்படுகிறதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அந்தச் சந்தேகத்துக்கு மரியாதை தராத எந்த யோசனையும் தமிழகத்தில் நிற்காது.

வேலூரும் புனேயும்

மாற்று வழி ஒன்று தமிழக மண்ணிலேயே பல பத்தாண்டுகள் நடந்தது. ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அகில இந்திய எழுத்துத் தேர்வு ஒன்றை நடத்தி, அதில் தேறியவர்களில் ஒரு பகுதியினரை வளாகத்துக்கு அழைத்து, சில நாள் தங்கவைத்தே தேர்ந்தெடுத்தது. குழுவாகச் செய்யும் பணிகள், கலந்துரையாடல், நேர்காணல் எல்லாம் அதில் உண்டு. நலிந்த பகுதிகளின் மிஷன் மருத்துவமனைகளில் போய் வேலை செய்யும் மனம் யாருக்கு இருக்கிறது என்பதை மூன்று மணி நேரத் தேர்வு காட்டாது என்பது கல்லூரியின் நிலைப்பாடு.

அந்த முறையைக் காக்கவே கல்லூரி நீதிமன்றம் போனது. 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அதன் வழக்கில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீட் தேர்வையே ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017-இல், நூறு எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தும், தன் முறைப்படி தேர்ந்தெடுக்க முடியாது என்றானதால் அந்தக் கல்லூரி ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது. 2020 ஏப்ரல் 29 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, சிறுபான்மைக் கல்லூரிகளும் நீட்டுக்குக் கட்டுப்பட்டவையே என்றது.

ஆனாலும் நீட்டுக்கு மேல் இன்னொன்றைச் சேர்க்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, நீட் மதிப்பெண்ணை வைத்து அழைப்பு விடுத்துவிட்டு, ஆங்கிலப் புரிதலும் தர்க்கமும் கலந்த ஒரு தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல் ஆகியவற்றுக்குப் பிறகே மாணவரைச் சேர்க்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியங்களில் அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு ஓரிரு வரியில் பதில் எழுதும் தேர்வு பல காலமாக இருக்கிறது. சூழ்நிலைத் தேர்வின் நெருங்கிய உறவு அது. சிப்பாய்களை வழிநடத்தப் போகிறவரிடம் அரசு கேட்கும் கேள்வியை, நோயாளியின் அருகில் நிற்கப் போகிறவரிடம் கேட்பதில்லை.

வரிசைப்படுத்தியபோது வந்த வினை

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2004-இல் வேறொரு முயற்சியை வெளியிட்டது. ஒரே நீண்ட நேர்காணலுக்குப் பதில், பல அறைகளில் பல சிறு நேர்காணல்கள். ஓர் அறையில் ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் அடுத்த அறைக்கு அது தொடராது. ஆனால் விண்ணப்பித்த எல்லோரையும் அப்படி அறை அறையாக நடத்த முடியாது. அதற்காக அங்கேயே உருவானதுதான் 'காஸ்பர்'. மாணவர் கணினியில் ஒரு காட்சியைப் பார்த்து, சொந்த வார்த்தைகளில் பதில் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு பதிலையும் வெவ்வேறு ஆள் மதிப்பிடுவார். கெல்லி டோர் குழுவின் ஆய்வுகளில், காஸ்பர் மதிப்பெண் பிற்பாடு உரிமத் தேர்வின் நெறிமுறைப் பகுதியோடு தொடர்பு காட்டியது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் பின்னர் 'பிரிவியூ' என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

நமக்கு அதிகம் பாடம் சொல்வது பிரிட்டன்தான். அங்கே ஒரே ஆண்டில், 2013-இல், இரண்டு இடங்களில் சூழ்நிலைத் தேர்வு நுழைந்தது. ஒன்று, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான யூ.கே.கேட். இன்று அதன் பெயர் யூகேட். மற்றொன்று, படிப்பை முடித்தவர்கள் எந்த ஊரில் பயிற்சி மருத்துவராவது என்று தீர்மானிக்கும் தேர்வு. இரண்டின் கதியும் வேறு வேறாயிற்று.

நுழைவுத் தேர்வில் அது மற்றப் பகுதிகளோடு கூட்டப்படவில்லை. ஒன்று முதல் நான்கு வரை ஒரு தரம் மட்டும் தரப்பட்டது. நான்காம் தரம் வந்தவரைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. மற்றபடி ஒன்றாம் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் பெரும் வேறுபாடு காட்டாத இடங்களும் உண்டு. பயிற்சி இடத் தேர்விலோ அந்த மதிப்பெண் கல்லூரி மதிப்பெண்ணோடு கூட்டப்பட்டு, நாடு முழுவதும் ஒரே வரிசையாக்கப்பட்டது. தொடங்கிய ஆண்டிலேயே இயந்திரத் திருத்தத்தில் பிழை வெளிப்பட்டு, அறிவித்த இடங்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகும் விமர்சனம் ஓயவில்லை. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் ஒருவர் லண்டனுக்கும் இன்னொருவர் வீட்டிலிருந்து முந்நூறு மைல் தொலைவுக்கும் போவது நியாயமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2024 முதல் பயிற்சி இடத்துக்கு அந்தத் தேர்வே கைவிடப்பட்டது. விருப்பப் பட்டியலையும், கணினி குலுக்கித் தரும் வரிசை எண்ணையும் வைத்து இடம் ஒதுக்குகிறார்கள். நுழைவுத் தேர்வில் இருந்த பகுதி மட்டும் தொடர்கிறது.

வரம்பாக வைத்த இடத்தில் சூழ்நிலைத் தேர்வு நீடித்தது. வரிசையாக்கிய இடத்தில் நீடிக்கவில்லை. 0.32 என்ற எண்ணை நினைவில் வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டலாம், கண்ணுக்கு மை தீட்ட முடியாது.

கோச்சிங், மொழி, மேலே இருப்பவர்

தமிழகத்தில் இதைக் கொண்டுவந்தால் முதலில் என்ன நடக்கும் என்று திருச்சியின் எந்தப் பெற்றோரும் சொல்லிவிடுவார். மறுவாரமே கோச்சிங் சென்டர் பலகையில் 'எஸ்.ஜே.டி. கிராஷ் கோர்ஸ்' ஏறும். இது வெறும் ஊகமில்லை. பிளாண்டர்ஸ் நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் லீவன்ஸ் குழு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டது. பயிற்சியால் கிடைத்த உயர்வு திட்ட விலக்கத்தில் ஏறக்குறைய பாதி. சராசரியாக நிற்கும் ஒரு மாணவரை, நூறு பேரில் ஏறக்குறைய முப்பதாம் இடத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தப் போதுமான உயர்வு அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை 'பரிவோடு பதில் சொல்வது எப்படி' என்று பணம் கட்டிக் கற்றுக்கொண்டு வருவார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. யூ.கே.கேட் தரவுகளை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், பெற்றோரின் தொழில் வர்க்கத்தால் ஏற்படும் இடைவெளி அறிவுத் திறன் பகுதிகளைவிடச் சூழ்நிலைத் தேர்வில் குறைவாக இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இயற்பியல் சொல்லித்தர ஆள் இல்லாமல் போகலாம். வீட்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் இருக்கும். ஆனால் இனப் பின்னணியால் வரும் இடைவெளி அங்கே நீங்கவில்லை. விடை குறித்த நிபுணர்கள் எந்தப் பண்பாட்டிலிருந்து வந்தார்களோ, அந்தப் பண்பாட்டின் நடைமுறை கேள்விக்குள் ஒட்டிக்கொண்டுவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

மொழியும் சிக்கல்தான். 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை என்று வழக்கு போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் தர உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது. உயிரியல் சொல்லிலேயே இந்தக் குழப்பம் என்றால், 'மூத்த மருத்துவரிடம் உறுதியாக எடுத்துச் சொல்வது' என்ற தெரிவை டெல்லியில் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் பெயர்த்தால் என்ன ஆகும்? சாரிடம் பணிவாகச் சொல்வதும், முகத்துக்கு நேரே மறுப்பதும், ஸ்டாஃப் நர்ஸ் மூலம் காதில் போடுவதும் நம் வார்டுகளில் மூன்று வெவ்வேறு செயல்கள். வெளிநாட்டு வினாத்தாள் இரண்டாவதை நேர்மை என்று கணக்கிடும். இங்கே நோயாளியைக் காப்பாற்றுவது பல நேரம் மூன்றாவது வழியாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சரியான செயல் எது என்று அறிந்தவர் அதைச் செய்வார் என்று உறுதி கிடையாது. 'என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டால் அறிவு வெளிப்படும். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் பொய் வெளிப்படும். அதனால்தான் சேர்க்கைத் தேர்வுகளில் பெரும்பாலும் முதல் வகைக் கேள்வியே கேட்கப்படுகிறது. அது அளப்பது நல்ல மனதை அன்று. நல்ல நடத்தை எது என்று தெரிந்திருப்பதை. லீவன்ஸும் சாக்கெட்டும் தங்கள் 2012 கட்டுரையில் இப்படித்தான் வாதிடுகிறார்கள்: அறிவு முதலில் பயிற்சிக்கால நடத்தையாக மாறுகிறது, பிறகு வேலையில் தெரிகிறது. இடையில் கற்பித்தல் என்ற ஒரு படி இருக்கிறது என்பதை அதிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

அந்தப் படி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கு 'ஏட்காம்' என்ற பெயரில் தனிப் பகுதி உண்டு. பாடமும் இருக்கிறது, வகுப்பும் இருக்கிறது. அந்த வகுப்பால் என்ன மாறியது என்று காட்டும் அளவுகோல்தான் வலுவாக இல்லை. சூழ்நிலைத் தேர்வு இந்த ஊரில் முதலில் வர வேண்டிய இடம் அதுதான்.

நீட் மதிப்பெண்ணோடு இதைக் கூட்டித் தரவரிசை போடுவது தவறு. 0.32 என்ற அளவுகோலும் கோச்சிங் ஆய்வும் பிரிட்டனின் பத்தாண்டு அனுபவமும் ஒரே குரலில் சொல்வது அது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முன்வந்தால், செய்யக்கூடியது வேறு. முதலில் நம் மருத்துவமனைகளின் சூழ்நிலைகளைத் தமிழிலேயே எழுத வேண்டும்: வெளிநோயாளர் வரிசை, பிரசவ வார்டு, திருவிழா முகாம், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். விடை குறிக்கும் குழுவில் பேராசிரியர்களோடு செவிலியர்களும், நோயாளிகளின் குடும்பத்தாரும் இருக்க வேண்டும். இதை முதலாண்டு மாணவர்களுக்கும், ஐந்தாண்டு கழித்து அதே மாணவர்கள் ஹவுஸ் சர்ஜனாகும்போதும், யாருடைய தேர்ச்சியையும் பாதிக்காதபடி நடத்த வேண்டும். வார்டில் அவர்களைப் பற்றி மூத்தவர்களும் செவிலியர்களும் சொல்வதோடு ஒப்பிட்டு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரித்துப் பார்த்து, கிடைத்த முடிவை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

பிளாண்டர்ஸ் ஒன்பது ஆண்டு பொறுத்துத்தான் தன் விடையைக் கண்டது. நமக்கும் அந்த அளவு காலம் பிடிக்கும். அந்தத் தரவு கையில் வந்த பிறகு, தமிழ்வழி மாணவருக்குப் பாதகம் இல்லை என்று அது காட்டினால் மட்டும், பிரிட்டன் வைத்ததைப் போல ஒரு கீழ்வரம்பாகச் சேர்க்கையில் இதை வைப்பதைப் பற்றிப் பேசலாம். அதுவரை இந்தத் தேர்வுக்கு ஒரு மதிப்பெண்கூடத் தரக்கூடாது. ஆனால் அதை எழுதிப் பார்க்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிட வேண்டும்.